கிண்டியில் திரித்த மூன்று புரிக் கயிறு
(விஞ்ஞானி ஜி.என்.ராமச்சந்திரன் வாழ்க்கை)



ஃபிட்டிங் ஷாப்பில் கையைக் கிழித்துக்கொள்ளாமல் டிப்ளமோ முடித்தவன் யாராவது நம்மில் உண்டா? முதல் வருஷம், வைஸில் எம்.எஸ். பிளேட்டை மாட்டி அரம் போடும்போது, ஓரத்துப் பிசிறு சுண்டுவிரலைக் கீறிவிடும். விரலை வாயில் வைத்துக்கொண்டு, இன்ஸ்ட்ரக்டர் பார்க்காதபடி வேட்டிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் அரத்தை எடுப்போம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஒரு வெள்ளைக் கோடுதான் மிச்சம். நாமும் மறந்துபோவோம்.

ஒரு நிமிஷம் நின்று யோசித்துப் பாருங்கள். லேத்தில் ஒரு ஷாஃப்டில் கீறல் விழுந்தால் அது தானாகச் சரியாகுமா? ஆகாது. வெல்டிங் வைக்கவேண்டும், மறுபடி கடையவேண்டும், இல்லையென்றால் ஸ்கிராப்பில் போடவேண்டும். நம் விரல் மட்டும் எப்படித் தன்னைத் தானே ரிப்பேர் செய்துகொள்கிறது? அந்த ரிப்பேருக்கு எந்த மெட்டீரியலைப் பயன்படுத்துகிறது? அந்த மெட்டீரியலின் உள்ளமைப்பை உலகத்துக்கு முதலில் சரியான வழியில் காட்டியவர் யார்?

கடைசிக் கேள்விக்குப் பதில் தேட லண்டன், அமெரிக்கா என்று போகவேண்டாம். குத்தம்பாக்கத்தில் பஸ் ஏறி, பூந்தமல்லியில் மாறி, போரூர் தாண்டிக் கிண்டியில் இறங்கினால் போதும். அங்கே இருக்கிற சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில்தான் அது நடந்தது. செய்தவர் பேராசிரியர் ஜி.என்.ராமச்சந்திரன். அவர் கதையைத்தான் இந்த மலரில் சொல்லப் போகிறேன்.

* * *

காயத்துக்குள் ஒரு ஒர்க் ஷாப்

அவரிடம் போவதற்கு முன்னால் காயத்தின் கதையை முடித்துவிடுவோம். அது தெரிந்தால்தான் அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும்.

தோல் கிழிந்ததும் ரத்தக் குழாயின் சுவர் பிளந்து, அதற்குள் மறைந்திருந்த நார்கள் வெளியே தெரிகின்றன. அந்த நாருக்குக் கொலாஜன் என்று பெயர். ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பிளேட்லெட் எனும் தட்டணுக்கள் அந்த நாரைக் கண்டதும் அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. டெங்கு வந்தவர்கள் வீட்டில் கவுண்ட் எவ்வளவு, கவுண்ட் எவ்வளவு என்று கேட்பார்களே, அதே பிளேட்லெட்தான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். அடைப்பை ஏற்படுத்தி ரத்தத்தை நிறுத்துவது அதன் முதல் வேலை.

இரண்டாவது வேலை அதைவிடச் சுவாரசியமானது. பிளேட்லெட்டுக்குள்ளே சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. ஒட்டிக்கொண்டதும் அந்தப் பைகள் உடைந்து, உள்ளேயிருக்கும் சரக்கைக் கொட்டுகின்றன. அந்தச் சரக்கில் முக்கியமான ஒன்று, பிளேட்லெட்டிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணி. ஆராய்ச்சிக்காரர்கள் அதைச் சுருக்கமாகப் பி.டி.ஜி.எஃப். என்பார்கள். 1974-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரஸ்ஸல் ராஸ் என்பவரும் அவர் குழுவும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். உறைந்த ரத்தத்திலிருந்து எடுத்த நீரை ஊற்றினால் கண்ணாடித் தட்டில் இருக்கும் செல்கள் பெருகுகின்றன. பிளேட்லெட்டை முதலிலேயே பிரித்து எடுத்துவிட்ட ரத்தத்தின் நீரை ஊற்றினால் அப்படிப் பெருகுவதில்லை. அப்படியானால் வளரச் சொல்லும் கட்டளை பிளேட்லெட்டில்தானே இருக்கிறது!

அந்தக் கட்டளை சைரன் ஊதுகிற மாதிரி. ஷிஃப்ட் ஆரம்பம்! சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் காயத்தை நோக்கி ஊர்ந்து வருகின்றன, பெருகுகின்றன, பிறகு நூல் நூற்க ஆரம்பிக்கின்றன. என்ன நூல்? மறுபடியும் கொலாஜன்! முதலில் மணியடித்ததும் கொலாஜன், கடைசியில் எழுப்புகிற சுவரும் கொலாஜன். நம் உடம்பில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். தோல், எலும்பு, தசைநார், குருத்தெலும்பு, ரத்தக்குழாய் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் கம்பி இதுதான். கட்டடத்துக்கு முறுக்குக் கம்பி எப்படியோ, உடம்புக்குக் கொலாஜன் அப்படி.

இதில் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் சிலிக்கான் நம் எலும்பிலும் துளித்துளியாக இருக்கிறது. புது எலும்பு கெட்டிப்படும் இடத்தில் சிலிக்கான் சேர்ந்திருப்பதை 1970-ல் எடித் கார்லைல் என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டினார். 1972-ல் சிலிக்கான் இல்லாத தீனி போட்டுக் கோழிக்குஞ்சுகளை வளர்த்தார். குஞ்சுகளின் வளர்ச்சி குன்றியது, எலும்பும் சரியாக அமையவில்லை. கொலாஜன் உருவாவதில் சிலிக்கானுக்குப் பங்கு இருக்கிறது என்று பின்னால் வந்த பரிசோதனைகளும் காட்டின. அதற்காகக் கடையில் விற்கும் சிலிக்கான் மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். மனித உடம்பில் அது எந்த வழியாக வேலை செய்கிறது என்பது இன்னமும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. நாம் சாப்பிடும் தானியத்திலும் குடிக்கும் தண்ணீரிலும் சிலிக்கான் இருக்கவே இருக்கிறது.

ஆக, பிளேட்லெட் கூப்பிடுகிறது, சிலிக்கான் துணை நிற்கிறது, கட்டப்படுவது கொலாஜன். அந்தக் கொலாஜனின் டிராயிங்கைப் போட்டவர்தான் நம் நாயகன்.

* * *

கணக்கு வாத்தியார் மகன்

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன். பெயரில் உள்ள கோபாலசமுத்திரம் நம் திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஊர். அவர் பிறந்தது எர்ணாகுளத்தில், 1922 அக்டோபர் 8-ந் தேதி. அப்பா அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வீட்டிலேயே கணக்கு வாத்தியார் இருந்தால் பையனுக்கு என்ன ஆகும்? ஒன்று கணக்கைக் கண்டாலே ஓடுவான், இல்லையென்றால் கணக்கே மூச்சாகிவிடும். ராமச்சந்திரன் இரண்டாவது ரகம்.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் ஆனர்ஸ் படித்தார். 1942-ல் படிப்பை முடித்துவிட்டுப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் போனார். அங்கே அவர் சேர்ந்தது எந்தப் பிரிவு தெரியுமா? எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங்! நம் டிரிபிள்-ஈ நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். ஆனால் அதே வளாகத்தில் சர் சி.வி.ராமன் இருந்தார். பையனின் மூளையைப் பார்த்த ராமன், இவன் எலெக்ட்ரிகலில் இருக்கவேண்டியவன் இல்லை என்று முடிவுகட்டி, பௌதிகத் துறைக்கு இழுத்துக்கொண்டார். எலெக்ட்ரிகலுக்கு நஷ்டம், உலகத்துக்கு லாபம்.

ராமனிடம் இருந்தபோது ஒளியியலும் படிகங்களும் கற்றார். வைரத்தை எக்ஸ்ரேயில் படம் பிடித்து ஆராய்ந்தார். 1947-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அதே வருஷம் கேம்பிரிட்ஜ் பயணம். அங்கே ஊஸ்டர் என்பவரின் கீழ், படிகங்களின் எலாஸ்டிக் கான்ஸ்டன்ட்டை எக்ஸ்ரே சிதறலை வைத்தே எப்படி அளப்பது என்று ஆராய்ந்து, 1949-ல் பி.எச்டி. வாங்கினார். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் யங்ஸ் மாடுலஸ் கண்டுபிடிக்க நாம் கம்பியில் எடை மாட்டி இழுக்கிறோமே, இவர் இழுக்காமலே எக்ஸ்ரேயை விட்டுக் கேட்டார்!

ஊர் திரும்பிக் கொஞ்ச நாள் பெங்களூர். பிறகு 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறைப் பேராசிரியர் பதவி. அப்போது துணைவேந்தர் டாக்டர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார். துறையை நடத்த நல்ல ஆள் வேண்டும் என்று தேடியபோது, ராமன் கைகாட்டியது இந்தச் சீடனைத்தான். வயது 30-ஐ ஒட்டி! நம் லெக்சரர்களில் பலர் அதைவிடப் பெரியவர்கள்.

* * *

பக்கத்துக் காம்பவுண்டில் கிடைத்த பொக்கிஷம்

பதவி கிடைத்துவிட்டது. என்ன ஆராய்ச்சி செய்வது? அந்தச் சமயம் லண்டனிலிருந்து பெர்னால் என்ற பெரிய படிகவியல் விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். கொலாஜனின் அமைப்பு இன்னும் ஒருவருக்கும் சரியாகப் பிடிபடவில்லை, சொன்னவர்கள் சொன்னதெல்லாம் பொருந்தாமலே இருக்கிறது என்று பேச்சுவாக்கில் ஒரு தகவலைப் போட்டுவிட்டுப் போனார். அமெரிக்காவில் லைனஸ் பாலிங் 1951-ல் புரதத்தின் ஆல்ஃபா சுருளைக் கண்டுபிடித்துப் புகழின் உச்சியில் இருந்தார். அவர் கொலாஜனுக்கும் ஒரு அமைப்பு சொல்லியிருந்தார். அதுவும் தவறு.

பாலிங்கே தவறவிட்டதை நாம் தொடலாமா என்று வேறொருவர் ஒதுங்கியிருப்பார். ராமச்சந்திரன் ஒதுங்கவில்லை.

கொலாஜனுக்கு எங்கே போவது? தோலில்தானே கொலாஜன்! கிண்டி வளாகத்துக்கு அடுத்தாற்போல், சர்தார் படேல் சாலையிலேயே, 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. நம் வட்டாரத்தில் குரோம்பேட்டை, பல்லாவரம், கொஞ்சம் தள்ளிப்போனால் ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடுகிற ஊர்கள் உண்டே, அந்தத் தொழிலுக்காக ஏற்பட்ட நிலையம் அது. பதனிட்ட தோல் என்பது பதனிட்ட கொலாஜன்தான். ராமச்சந்திரன் பக்கத்துக் காம்பவுண்டுக்குப் போய் மாதிரிகள் வாங்கி வந்தார். கடைசியில் நல்ல எக்ஸ்ரே படம் கொடுத்தது எது தெரியுமா? கங்காரு வாலின் தசைநார்! ஆஸ்திரேலியாவில் துள்ளிக் குதித்த கங்காருவின் வால் கிண்டிக்கு வந்து ரகசியத்தைச் சொன்னது.

கூட உழைத்தவர் கோபிநாத் கர்த்தா. இருவரும் சேர்ந்து எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதும், உருண்டையும் கம்பியும் கொண்டு மாடல் கட்டுவதும், பொருந்தாவிட்டால் பிரித்துப் போடுவதுமாக இருந்தார்கள். கம்ப்யூட்டர் கிடையாது. காகிதம், பென்சில், கணக்கு, பொறுமை.

* * *

கயிறு திரிக்கிறவனுக்குத் தெரிந்த சூட்சுமம்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. கொலாஜனை ரசாயன முறையில் பிரித்துப் பார்த்தவர்கள் ஒரு வினோதத்தைச் சொல்லியிருந்தார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். இருக்கிற அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அதுதான். அதன் பக்கவாட்டில் ஒரேயொரு ஹைட்ரஜன் அணு மட்டும்தான் நீட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றில் ஒன்று... ஏன் சரியாக மூன்றில் ஒன்று? அந்த ஒரு எண்ணைத்தான் ராமச்சந்திரனும் கர்த்தாவும் பிடித்துக்கொண்டார்கள். மூன்று சங்கிலிகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன என்று வையுங்கள். ஒவ்வொரு சங்கிலியும் சுருள்கிறது. சுருளும்போது ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் உள்பக்கம் வருகிறது. உள்ளே இடமோ மகா நெருக்கம். பெரிய அமினோ அமிலம் அங்கே நுழையவே முடியாது. கிளைசின் மட்டும்தான் நுழையும். அதனால்தான் மூன்றுக்கு ஒன்று கிளைசின்! 1954 ஆகஸ்டில் இந்த மும்மைச் சுருள் அமைப்பு நேச்சர் பத்திரிகையில் வெளியானது. மெட்ராஸ் என்ற ஊர்ப்பெயர் மூலக்கூறு உயிரியலின் தேசப்படத்தில் ஏறிய நாள் அது.

ஆனால் ஒரு சின்ன இடறல். அந்த மாடலில் மூன்று சங்கிலிகளும் நேராக, இணைகோடாக நின்றன. ஒரு சுற்றுக்குச் சரியாக மூன்று கண்ணி. எக்ஸ்ரே படமோ மூன்று சுற்றுக்குப் பத்துக் கண்ணி என்றது. மூன்றல்ல, மூன்றேகாலுக்கும் கொஞ்சம் கூட. இதை எப்படிச் சரிக்கட்டுவது?

நிலா பூமியைச் சுற்றும்போது எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது. பூமியை ஒரு தடவை சுற்றி வருவதற்குள் தன்னையும் ஒரு தடவை சுற்றிக்கொள்வதால்தான் அப்படி. அந்த நினைப்புதான் அவருக்கு வழி காட்டியது என்று சொல்வார்கள். சங்கிலிகள் நேராக நிற்கவேண்டாம், ஒன்றையொன்று சுற்றட்டும். சுற்றும்போது ஒவ்வொன்றும் தன்னையும் திருப்பிக்கொண்டு, கிளைசின் இருக்கிற முகத்தையே நடுவுக்குக் காட்டட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் எக்ஸ்ரே சொன்ன எண் வந்துவிட்டது! 1955-ல் இந்தத் திருத்திய மாடலும் நேச்சரில் வெளிவந்தது.

இதை நம்ம ஊர்க் கயிறு திரிக்கிறவரிடம் சொன்னால் சிரிப்பார். இதென்ன பெரிய அதிசயம் என்பார். தனிப் புரியை ஒரு பக்கமாக முறுக்கி, மூன்று புரியையும் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்கினால்தான் கயிறு அவிழாது. இந்தக் கொலாஜனிலும் அப்படியே. தனிச் சங்கிலி இடப்பக்கச் சுருள், மூன்றும் சேர்ந்த கயிறு வலப்பக்கச் சுருள். ஒரு புரியில் ஏறக்குறைய ஆயிரம் கண்ணிகள். இப்படிப்பட்ட கயிறுகள் ஆயிரமாயிரம் சேர்ந்து வடமாகி, குதிகாலில் தசைநாராக நம் முழு எடையையும் தாங்குகின்றன.

* * *

விழுந்தது அடி!

நண்பர்களே, இதுவரை சொன்னது வெற்றிக் கதை. இனி சொல்லப்போவதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

1955-ல் கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் இருவரும் கொலாஜனைப் பற்றி எழுதினார்கள். இந்தக் கிரிக் யாரென்று தெரியுமல்லவா? 1953-ல் வாட்ஸனோடு சேர்ந்து டி.என்.ஏ. அமைப்பைச் சொன்னவர். மூன்று புரிக் கயிறு என்ற அடிப்படையை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் சென்னை மாடலில் சில அணுக்கள் தேவைக்கு மேல் நெருங்கி நிற்கின்றன, அவ்வளவு நெருக்கம் இயற்கையில் நடக்காது என்றார்கள். மூன்று கண்ணிக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று ராமச்சந்திரன் சொன்னதும் சரியில்லை, ஒன்றுதான் இருக்க முடியும் என்றார்கள்.

நம் பாஷையில் சொன்னால், டிராயிங் சரி, அசெம்பிளியும் சரி, ஆனால் கிளியரன்ஸ் போதவில்லை. ஷாஃப்டும் பேரிங்கும் உரசுகிறது!

யோசித்துப் பாருங்கள். சுதந்திரம் வாங்கி எட்டே வருஷம் ஆன தேசம். வசதி குறைவான ஆய்வுக்கூடம். அதிலிருந்து வந்த முதல் பெரிய கண்டுபிடிப்பு. அதன்மேல் உலகமே மதிக்கும் கேம்பிரிட்ஜ் ஆட்கள் குறை சொல்கிறார்கள். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? வைவாவில் எக்ஸ்டெர்னல் ஒரு கேள்வி கேட்டுவிட்டாலே ஹாஸ்டலுக்கு வந்து மூன்று நாள் புலம்புகிறோம். ராமச்சந்திரனுக்கும் அது வலித்தது. அவர் புலம்பலில் காலம் கழிக்கவில்லை, கேள்வியைத் திருப்பிப் போட்டார். அணுக்கள் ரொம்ப நெருங்குகின்றன என்கிறீர்கள். சரி. எவ்வளவு நெருங்கினால் ரொம்ப? அதற்கு அளவு எங்கே இருக்கிறது?

அப்படி ஒரு டேபிள் ஒழுங்காக இல்லை. எனவே தாங்களே தயாரிக்க முடிவு செய்தார்கள். அவரும் மாணவர்கள் சசிசேகரன், ராமகிருஷ்ணன் ஆகியோரும் அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் தோண்டியெடுத்து, எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு தூரம் வரை நெருங்கியிருக்கின்றன என்று தொகுத்தார்கள். கார்பனுக்கும் கார்பனுக்கும் சாதாரணமாக 3.2 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி வேண்டும், நெருக்கடி என்றால் 3.0 வரை போகலாம். ஆக்சிஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் 2.7, நெருக்கடியில் 2.6. ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஆங்ஸ்ட்ராம். அந்த அளவுக்கு ஒரு லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ் டேபிள்! மெஷின் டிராயிங்கில் நாம் புரட்டுகிறோமே, அதே சமாச்சாரம்தான். சாதாரண லிமிட் ஒன்று, கடைசி லிமிட் ஒன்று.

டேபிள் தயாரானதும் அடுத்த கேள்வி. புரதச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய மூட்டு இரண்டு. அந்த இரண்டு கோணங்களுக்கும் ஃபை, சை என்று கிரேக்க எழுத்தில் பெயர். இரண்டும் 360 டிகிரி சுற்றலாம் என்றால் கணக்கற்ற நிலைகள். அதில் எந்தெந்த நிலையில் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்கும்? ஒவ்வொரு கோணமாகக் கணக்குப் போட்டார்கள். ஃபை ஒரு அச்சில், சை இன்னொரு அச்சில். இடிக்காத இடங்களைச் சுற்றிக் கோடு போட்டால், பெரிய சதுரத்தில் சின்னச் சின்னத் தீவுகள் மாதிரி மிஞ்சின. மொத்தப் பரப்பில் நாலில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மீதியெல்லாம் நுழையக்கூடாத கடல்.

1963-ல் இது வெளியானது. இதுதான் இன்று உலகமெங்கும் பயோகெமிஸ்ட்ரிப் பாடப்புத்தகங்களில் இருக்கும் ராமச்சந்திரன் படம். கொலாஜனுக்கு மட்டுமல்ல, ஹீமோகுளோபின், இன்சுலின், கொரோனா வைரஸின் முள் எந்தப் புரதமாக இருந்தாலும் சரி, அமைப்பைக் கண்டுபிடித்தேன் என்று ஒருவர் வந்தால், முதலில் ராமச்சந்திரன் படத்தில் புள்ளி வைத்துக் காட்டு என்கிறார்கள். புள்ளிகள் தீவுகளுக்குள் விழுந்தால் பாஸ். கடலில் விழுந்தால் எங்கேயோ தப்பு, போய்ப் பார்த்துவிட்டு வா. உலகப் புரதங்களுக்கெல்லாம் கோ–நோகோ கேஜ் கிண்டியில் தயாரானது!

ஹைட்ரஜன் பிணைப்புத் தகராறு என்ன ஆயிற்று? 1994-ல் கொலாஜன் போன்ற ஒரு சிறு மூலக்கூறின் படிக அமைப்பை அமெரிக்காவில் துல்லியமாகக் கண்டார்கள். மூன்று புரிக் கயிறு அப்படியே இருந்தது. நேரடிப் பிணைப்பு மூன்று கண்ணிக்கு ஒன்றுதான். அந்த விஷயத்தில் கேம்பிரிட்ஜ்காரர்கள் சொன்னதே சரி. கயிற்றைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் பாலம் போட்டுப் பிடித்திருந்தன. தண்ணீர் வழியாகவும் பிணைப்பு இருக்கலாம் என்று 1968-லேயே ராமச்சந்திரன் குழு எழுதியிருந்தது. ஆக, பாதி தோற்றார், பாதி ஜெயித்தார். ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து பிறந்த படம், முதல் கண்டுபிடிப்பைவிடப் பெரிதாகிவிட்டது.

* * *

ஸ்கேன் அறையிலும் அவர்

1971-ல் இன்னொரு காரியம். உடம்பைப் பல கோணங்களில் எக்ஸ்ரே எடுத்து, அந்த நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதை எப்படி மறுபடி கட்டுவது? லட்சுமிநாராயணன் என்ற தம் சகாவோடு சேர்ந்து, கணக்கைச் சுருக்கி வேகமாகச் செய்யும் ஒரு வழியை வெளியிட்டார். சி.டி. ஸ்கேன் மெஷின்கள் பல வருஷம் ஓடியது இந்த வகைக் கணக்கில்தான். சி.டி. ஸ்கேனுக்காக 1979-ல் இருவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதில் ராமச்சந்திரன் பெயர் இல்லை. கொலாஜனுக்கும் இல்லை, அந்தப் படத்துக்கும் இல்லை. 1961-ல் பட்நாகர் பரிசு, 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி, 1999-ல் படிகவியலின் உயர்ந்த விருதான ஈவால்ட் பரிசு இவை வந்தன.

1970 வாக்கில் சென்னையை விட்டார். பெங்களூரில் மூலக்கூறு உயிர்பௌதிகத்துக்கென்று தனிப் பிரிவை உருவாக்கினார். கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் கைகால்களைக் கட்டிப்போட்டது. 1998-ல் மனைவி ராஜலட்சுமி காலமானார். 2001 ஏப்ரல் 7-ந் தேதி, தன் பெரிய காரியங்களைச் செய்த அதே சென்னையில் அவரும் கண்மூடினார்.

* * *

நமக்கு என்ன வந்தது?

சார், கொலாஜன் எப்படித் திரிந்திருந்தால் நமக்கென்ன என்று கேட்கிற நண்பர்களுக்கு இரண்டு விஷயம்.

ஒன்று: அந்த ஆயிரம் கண்ணியில் கிளைசின் இருக்கவேண்டிய ஒரே ஒரு இடத்தில் வேறொரு அமினோ அமிலம் வந்துவிட்டால் போதும், குழந்தை லேசாக விழுந்தாலே எலும்பு முறியும் பிறவி நோய் வரலாம். ஏன் வருகிறது என்பதை 1954-ன் மாடலே சொல்லிவிடும். நடுவில் இடமில்லை! கிளியரன்ஸ் இல்லாத இடத்தில் பெரிய பாகத்தைத் திணித்தால் கயிறு பிதுங்கும்.

இரண்டு: நம் தெருவில் எத்தனை வீட்டில் சர்க்கரை நோய் இருக்கிறது? தாத்தாவோ பெரியம்மாவோ செருப்புக் கடித்த புண் ஆறாமல், விரலை எடுக்கவேண்டியதாகி, அப்புறம் காலையே எடுக்கவேண்டியதாகி... பார்த்திருக்கிறோம். நமக்குப் பத்து நாளில் ஆறும் காயம் அவர்களுக்கு ஏன் ஆறவில்லை? சைரன் சரியாக ஊதவில்லை, ஆட்கள் வரவில்லை, நூல் நூற்கப்படவில்லை. அதனால்தான் பி.டி.ஜி.எஃப்.பை வெளியே தயாரித்து, களிம்பாகப் புண்ணில் தடவும் மருந்துக்கு 1997-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்து தனியாக மாயம் செய்யாது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும், புண்ணைச் சுத்தம் செய்யவேண்டும், காலுக்கு ரத்த ஓட்டம் இருக்கவேண்டும். எலும்புக்கோ, 1969-ல் லாரி ஹென்ச் என்பவர் சிலிக்கா கலந்த ஒரு கண்ணாடியைக் கண்டுபிடித்தார். அது எலும்போடு ஒட்டிப் பிணைந்துகொள்கிறது. கண்ணாடி எலும்போடு ஒட்டும் என்று அதற்குமுன் யாராவது சொல்லியிருந்தால் அடித்தே இருப்பார்கள்! ராமச்சந்திரன் மாதிரி கேட்டு வாங்கிய அதே தோல் ஆராய்ச்சி நிலையமும் பின்னாளில் தீக்காயம், ஆறாத புண் இவற்றுக்குப் போடும் கொலாஜன் கட்டுக்கான தொழில்நுட்பத்தை வளர்த்தெடுத்தது. மாட்டுத் தோல் செருப்பாவது நமக்குத் தெரியும். அதே சரக்கு மனிதத் தோலுக்கு மருந்துமாகிறது.

இன்னும் முடியவில்லை. ஆறிய காயத்தில் கொலாஜன் இருக்கிறது, ஆனால் பழைய ஒழுங்கில் இல்லை. தழும்பின் பலம் பழைய தோலில் 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. அந்த மீதி 20 சதவீதம் இன்னும் யாருக்கும் வசப்படவில்லை. அது டாக்டர்கள் வேலை மட்டுமல்ல. நாரை நூற்கிற மெஷின், சாரம் அடிக்கிற பிரிண்டர், அளக்கிற கருவி எல்லாம் நம் ஆட்கள் செய்யவேண்டியவை.

அடுத்த தடவை கிண்டிப் பக்கம் போனால், அடையாறு நோக்கிச் சர்தார் படேல் சாலையில் கொஞ்சம் நடந்து பாருங்கள். தோல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு அரங்கத்துக்கு ட்ரிப்பிள் ஹெலிக்ஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மும்மைச் சுருள்! எத்தனை பேர் அந்தப் பக்கமாகப் பஸ்ஸில் போய்க்கொண்டே இருக்கிறோம், அது என்ன பெயர் என்று கேட்டோமா?

நண்பர்களே, நம் ஜாப் ரிஜெக்ட் ஆகும்போது, லிமிட்டுக்கு வெளியே போய்விட்டது என்று கேஜ் காட்டும்போது, கோபம் வரும். வரட்டும். அப்புறம் அந்த லிமிட்டை யார் போட்டது, எப்படிப் போட்டது, நாமே அளந்தால் என்ன வரும் என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம். ராமச்சந்திரன் செய்ததும் அதைத்தான். விரலில் இருக்கும் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வோம்.

– மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்